ஒய்.டி.எம்.-4 மீட்டர் கேஜ் டீசல் இன்ஜின் ஒன்றை எங்கள் அருங்காட்சியகத்திற்குப் பெற விரும்புகிறோம்: வழிகாட்டுங்கள்

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மதுரைக்கும் போடிநாயக்கனூருக்கும் இடையே ஓடிய மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) ரயில் 2010 டிசம்பர் 31 அன்று நிறுத்தப்பட்டது. அகலப்பாதையில் தேனிக்கு ரயில் வந்தது 2022-இல். போடிக்கு வந்தது 2023-இல். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் எங்கள் பகுதியில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ரயிலையே பார்க்காமல் வளர்ந்துவிட்டார்கள். அவர்களிடம் இந்தப் பாதையில் முன்பு ஓடியது வேறு அளவு ரயில் என்று சொன்னால் நம்புவதற்கே தயங்குகிறார்கள்.

எங்கள் ஊர் வரலாற்றுக் குழு ஒரு சிறிய அருங்காட்சியகம் அமைத்து வருகிறது. ஒற்றைப் பாதையில் ரயில் செல்ல அனுமதியாகத் தரும் டோக்கன் பந்துகள், அட்டைப் பயணச்சீட்டுகள், கைவிளக்குகள், ஒரு நிலையப் பெயர்ப்பலகை ஆகியவற்றைச் சேர்த்திருக்கிறோம். கட்டடத்தின் பின்புறம் நாற்பது சென்ட் நிலம் இருக்கிறது. அங்கே இந்தப் பாதையில் ஓடிய வகையைச் சேர்ந்த ஒரு ஒய்.டி.எம்.-4 இன்ஜினை நிறுத்த வேண்டும் என்பது எங்கள் விருப்பம். சேவையிலிருந்து விலக்கப்பட்ட சில இன்ஜின்கள் ஒரு ஷெட்டில் (பராமரிப்புக் கொட்டகையில்) ஏலத்திற்காகக் காத்திருப்பதாகக் கேள்விப்பட்டோம்.

எங்கள் கேள்விகள் மூன்று. பழைய இரும்பு ஏலத்தில் நாங்களே கலந்துகொண்டு வாங்கிவிடலாமா? வாங்கினால் அதைத் தேனி வரை எப்படிக் கொண்டுவருவது? கொண்டுவந்தபின் அதை ஓடும் நிலையில் வைத்திருக்க முயல வேண்டுமா, அல்லது காட்சிப்பொருளாக நிறுத்திவிடலாமா? மூன்றாவது கேள்வியில் எங்கள் குழுவே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

---

பொன்மலைச்சங்கு

தம்பி, நான் டீசல் பிரிவில் ஃபிட்டராகச் சேர்ந்து 34 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் இப்போது விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் தவறுவது அந்த இடத்தில்தான்.

ஏலப்பட்டியலில் இன்ஜினின் எண் வந்துவிட்டது என்றால் நீங்கள் ஏற்கெனவே தாமதித்துவிட்டீர்கள் என்று பொருள். இனிப் பயன்படாது என்பதைக் குறிக்கும் 'கண்டம்' என்ற சொல்லை ஒரு லோகோவின் (இன்ஜினின்) மேல் எழுதுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே அதிலிருந்து பாகங்கள் கழற்றப்படத் தொடங்கிவிடும். இதில் யாருடைய தவறும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் லோகோவுக்கு டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் டர்போசார்ஜர்) தேவைப்படும்போது, நிற்கும் லோகோவிலிருந்து எடுப்பதுதான் ஷெட்டின் கடமை. முதலில் டர்போசார்ஜர், கவர்னர், எரிபொருள் பம்புகள் போகும்; பிறகு சக்கரங்களைச் சுழற்றும் டிராக்ஷன் மோட்டார்கள், கம்ப்ரஸர், பேட்டரிகள் போகும்; இறுதியில் கேபினுக்குள் உள்ள அளவுமானிகளும், கன்ட்ரோலர் கைப்பிடியும், ஹாரனும், எண் பலகையும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். ஏலத்திற்கு வரும்போது எஞ்சியிருப்பது சக்கரத்தின் மேல் நிற்கும் ஒரு தகரக்கூடு மட்டுமே.

அதோடு, ஏல நிபந்தனைகள் பழைய இரும்பு வியாபாரத்திற்காக எழுதப்பட்டவை. எடுத்தவர் குறிப்பிட்ட நாள்களுக்குள் பொருளை அப்புறப்படுத்த வேண்டும். பெரும்பாலும் நின்ற இடத்திலேயே வெட்டித்தான் எடுத்துச் செல்வார்கள். விலையும் எடையையும் செம்பையும் கணக்கிட்டுத்தான் வரும். 72 டன் எடையுள்ள ஒரு பொருளுக்கு இரும்பு வியாபாரிகளோடு போட்டி போட்டு ஒரு ஊர்க்குழு வெல்ல முடியாது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, இன்னும் கண்டம் ஆகாத, ஆனால் விரைவில் ஆகப்போகும் லோகோவைத் தேர்ந்தெடுத்து, அதைப் பாரம்பரியப் பொருளாக ஒதுக்கித் தரும்படி ரயில்வேயிடம் எழுத்துப்பூர்வமாக வேண்டுவது. ரயில்வே வாரியத்தில் பாரம்பரியத்திற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. கோட்ட மேலாளர் வழியாகவும் பொது மேலாளர் வழியாகவும் கோரிக்கை செல்ல வேண்டும். கடிதத்தில் "ஒரு இன்ஜின் தாருங்கள்" என்று எழுதாதீர்கள். எண்ணைக் குறிப்பிடுங்கள். அந்த எண்ணின் மீது "பாகம் கழற்றக் கூடாது" என்ற உத்தரவு ஷெட்டுக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள். அந்த ஒரு வரிதான் உங்கள் இன்ஜினைக் காப்பாற்றும்.

---

ஆவணக்காப்பாளர்

பொன்மலைச்சங்கு ஐயா சொன்னதை முழுமையாக ஆதரிக்கிறேன். நான் ஓர் அருங்காட்சியகத்தின் சேகரிப்புப் பிரிவில் பணிபுரிபவன். எந்த இன்ஜினைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

டீசல் இன்ஜின்களின் பாதுகாப்பு வரலாறு நீராவி இன்ஜின்களின் வரலாற்றைவிட வருத்தம் தருவது. பிரிட்டனில் பெருவழிப் பாதைக்கென்று கட்டப்பட்ட முதல் டீசல் இன்ஜின் 10000 என்ற எண்ணுடன் 1947 டிசம்பரில் டார்பி பணிமனையிலிருந்து வெளிவந்தது. அதற்கு ஓர் உடன்பிறப்பும் இருந்தது, 10001. இரண்டுமே 1968-இல் உடைக்கப்பட்டன. அதே 1968-இல்தான் பிரிட்டிஷ் ரயில்வேயின் பெருவழிப் பாதைகளில் நீராவி முடிவுக்கு வந்தது; நாடு முழுவதும் ஆர்வலர்கள் நீராவி இன்ஜின்களைக் காப்பாற்றப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார்கள். நீராவியை அனுப்பிவைத்த வகையின் முதல் இன்ஜினைக் காப்பாற்ற வேண்டும் என்று அப்போது எவருக்கும் தோன்றவில்லை. இன்று அதை மறு உருவாக்கம் செய்ய ஒரு சங்கமே உழைத்துக்கொண்டிருக்கிறது. 'பேபி டெல்டிக்' என்று அழைக்கப்பட்ட பத்து இன்ஜின்களின் கதையும் அதுதான்: ஒன்றுகூட மிஞ்சவில்லை; அவற்றுக்குள் இருந்த டீசல் எஞ்சின்களில் தப்பிப் பிழைத்த ஒன்றை வைத்துக்கொண்டு வேறொரு வகை இன்ஜினின் உடலைத் திருத்தி அதன் வடிவத்தை மீட்க முயல்கிறார்கள். காப்பாற்றாமல் விட்ட ஒன்றைத் திரும்பக் கட்டுவதற்கு ஆகும் செலவையும் உழைப்பையும் நினைத்துப் பாருங்கள்.

மறுபுறம், முன்னதாகவே திட்டமிட்டவர்கள் வென்றிருக்கிறார்கள். பிரிட்டனின் 'டெல்டிக்' என்ற டீசல் வகையில் இருந்தவை 22 இன்ஜின்கள். அவை 1982 ஜனவரியில் சேவையிலிருந்து முற்றிலும் விலகின. ஆனால் அவற்றைக் காப்பதற்கான சங்கம் 1977-லேயே தொடங்கப்பட்டுவிட்டது. ஐந்து ஆண்டுகள் பணமும் உதிரி பாகமும் சேர்த்துக்கொண்டு காத்திருந்து, விலக்கப்பட்ட அதே ஆண்டில் இரண்டு இன்ஜின்களை வாங்கினார்கள். 22-இல் ஆறு இன்றும் இருக்கின்றன. அமெரிக்காவில் சரக்கு ரயில்களில் நீராவியின் முடிவைத் தொடங்கிவைத்த 103 என்ற மாதிரி இன்ஜின், 1939-இல் கட்டப்பட்டு நாடு முழுவதும் எண்பதாயிரம் மைலுக்கு மேல் ஓடிக்காட்டியது. அதன் முன்பகுதி இன்று செயின்ட் லூயிஸில் உள்ள போக்குவரத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

ஒய்.டி.எம்.-4-க்கு வருகிறேன். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் வடிவமைத்த இந்த இன்ஜின் 1960-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தது. 1350 குதிரைத்திறன், வரிசையாக ஆறு சிலிண்டர். கனடாவின் மாண்ட்ரியல் நிறுவனம் கட்டியவற்றுக்கு ஒய்.டி.எம்.-4ஏ என்று பெயர். பிறகு வாரணாசியிலேயே கட்டினார்கள். ஆல்கோ 1969-இல் இன்ஜின் கட்டுவதை நிறுத்திவிட்டது. ஆனால் அந்த மரபு இந்தியாவில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்தது. ஆகவே இதைக் காப்பது நம் நாட்டுக்கு மட்டுமான வேலை அன்று. உங்களுக்கு வாய்ப்பு இருந்தால், வெளிநாட்டில் கட்டப்பட்ட தொடக்ககால இன்ஜினா, வாரணாசியில் கட்டியதா என்பதை அதன் கட்டுநர் தகட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். எந்தெந்த ஷெட்டில் இருந்தது, மதுரைக் கோட்டத்தில் ஓடியதா என்பதும் முக்கியம். உங்கள் பாதையில் உண்மையிலேயே ஓடிய இன்ஜினும், ஓடாமல் அதே வடிவத்தில் இருக்கும் இன்ஜினும் ஒரு அருங்காட்சியகத்தின் கண்ணுக்கு ஒன்றல்ல.

---

கரிப்புகை

மன்னிக்க வேண்டும், ஒரு மாற்றுக் கருத்து. உங்களிடம் இருப்பது ஒரே ஒரு இடம். அந்த இடத்தில் ஒரு நீராவி இன்ஜினை நிறுத்தினால் பள்ளிப் பிள்ளைகள் அதன் இணைகம்பியையும் கொதிகலனையும் பார்த்து, இயந்திரம் எப்படி இயங்குகிறது என்பதைக் கண்ணாலேயே புரிந்துகொள்வார்கள். டீசல் இன்ஜின் வெளியே பார்ப்பதற்கு ஒரு நீண்ட பெட்டி. அதற்கு இவ்வளவு உழைப்பு தேவையா என்று உண்மையாகவே கேட்கிறேன்.

---

ஓய்வு ஓட்டுநர்

கரிப்புகை அவர்களே, நீங்கள் கேட்பது நேர்மையான கேள்வி, ஆகவே நேராகவே பதில் சொல்கிறேன். நான் நீராவியில் ஃபயர்மேனாகச் சேர்ந்து, டீசலில் ஓட்டுநராக ஓய்வு பெற்றவன். நீராவியின் அழகு எனக்குத் தெரியும். அதன் தகிப்பும் தெரியும். மே மாதத்தில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டே பகல் வண்டியில் போனவனுக்கு, முதன்முதலாக ஒய்.டி.எம்.-4 கேபினில் ஏறி உட்கார்ந்த நாள் மறக்காது.

தென்தமிழ்நாட்டின் மீட்டர் கேஜ் வாழ்க்கையில் கடைசிப் பகுதி முழுவதும் இந்த டீசலின் காலம்தான். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலை ஏறும்போது முன்னால் ஒரு ஒய்.டி.எம்.-4, பின்னால் தள்ளுவதற்கு இன்னொன்று; இரண்டு ஓட்டுநர்களும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, ஹாரன் ஒலியால் மட்டுமே பேசிக்கொள்வோம். முன்னால் இருப்பவர் நாட்ச் (வேகக் கைப்பிடியின் படி) ஏற்றுவது பின்னால் இருப்பவருக்குப் புகையைப் பார்த்தே தெரிந்துவிடும், ஏனென்றால் ஆல்கோவில் டர்போ வேகம் பிடிப்பதற்குள் எரிபொருள் முந்திக்கொண்டு கரும்புகையாக எழும். அந்தக் கணவாய்ப் பாதையும் 2010-இல் மூடப்பட்டது. போடிக்குப் போன ஏலக்காய் வியாபாரியும், தேனிச் சந்தைக்கு வந்த விவசாயியும், மதுரைக்குப் படிக்க வந்த மாணவனும் கடைசிப் பல ஆண்டுகள் பயணம் செய்தது இந்தப் "பெட்டி" இழுத்த வண்டியில்தான்.

உங்கள் ஊரின் ரயில் வரலாற்றைச் சொல்லும் இடத்தில் உங்கள் ஊர் மக்கள் உண்மையில் பயணம் செய்த இன்ஜின் நிற்க வேண்டும். நீராவி இன்ஜின்கள் புதுதில்லியிலும் மைசூரிலும் சென்னையிலும் இருக்கின்றன. பல நிலையங்களின் வாசலிலும் இருக்கின்றன.

---

ஈப்போ வாசகர்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாதையும் அதே ஒரு மீட்டர் அகலம்தான். 1990-களில் இந்தியாவிலிருந்து ஒய்.டி.எம்.-4 இன்ஜின்களைக் குத்தகைக்கு எடுத்து இங்கே ஓட்டினார்கள். என் தந்தையார் அவற்றின் சத்தத்தைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு "நம்ம ஊர் இன்ஜின் வருது" என்பார். நீங்கள் தேர்ந்தெடுக்கும் இன்ஜின் கடல் கடந்து வந்துவிட்டுத் திரும்பியதாக இருந்தால் அந்தச் செய்தியைத் தகவல் பலகையில் தவறாமல் எழுதுங்கள்.

---

வைகைக்கரை

அனைவருக்கும் நன்றி. ஏல எண்ணத்தைக் கைவிட்டுவிட்டோம். இப்போது குழுவைப் பிரித்து வைத்திருக்கும் கேள்வி: ஓடும் நிலையா, காட்சி நிலையா? இளைஞர்கள் எஞ்சினைத் தொடக்கிக் காட்ட வேண்டும் என்கிறார்கள். பெரியவர்கள் வண்ணம் பூசி நிறுத்தினால் போதும் என்கிறார்கள்.

---

பொன்மலைச்சங்கு

இரண்டு பக்கத்திற்கும் சில உண்மைகளைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

ஓடுவது என்றால் பாதை வேண்டும். உங்களிடம் இருப்பது நாற்பது சென்ட். ஆகவே ஓடும் நிலை என்ற பேச்சு இல்லை. மிஞ்சியிருப்பது, நின்ற இடத்தில் எஞ்சினைத் தொடக்கிக் காட்டுவது. அது முடியாத காரியம் அன்று. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை விழாவில் பொத்தானை அழுத்துவதுபோல் நினைத்தால் எஞ்சினைக் கொன்றுவிடுவீர்கள்.

ஆல்கோ எஞ்சின் மாதக்கணக்கில் நின்றால் மூன்று காரியங்கள் நடக்கும். பேரிங்குகளின் மேலிருந்த எண்ணெய்ப் படலம் வடிந்துவிடும். குளிர்நீர்ச் சுற்றில் மருந்து கலக்காத நீர் நின்றால் லைனர்களின் (சிலிண்டர் உள்ளுறைகளின்) வெளிப்புறம் அரிக்கும். ரப்பர் வளையங்கள் இறுகி நீர் கசிந்து எண்ணெயில் கலக்கும். சிலிண்டர் ஹெட்டில் கசிவு இருந்தால் நீர் பிஸ்டனின் தலையில் தேங்கும். அந்த நிலையில் தொடக்கினால், நீரை அமுக்க முடியாது என்பதால் இணைத்தண்டு வளைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் முதலில் கையால் கம்பி போட்டு எஞ்சினை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். சிலிண்டர்களின் சோதனைத் திறப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு, நீர் வெளிவருகிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெயை முன்கூட்டியே பம்பு செய்து ஏற்ற வேண்டும். எண்ணெயின் மாதிரியைச் சோதிக்க வேண்டும். இதற்குப் பயிற்சி பெற்ற இரண்டு பேராவது ஊரில் இருக்க வேண்டும். தொடக்குவதற்கு முழு பேட்டரித் தொகுதியும் வேண்டும், அது விலை அதிகமான பொருள், நின்றே கெட்டுப்போகும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். குன்னூருக்கும் உதகமண்டலத்திற்கும் இடையே நீலகிரி மலை ரயிலை இழுப்பது ஒய்.டி.எம்.-4தான். குன்னூருக்கு மேலே பல்சக்கரம் இல்லை, சாதாரணப் பாதைதான் என்பதால் டீசல் போகிறது. ஓடிக்கொண்டிருக்கும் அந்த இன்ஜின்களுக்கு உதிரி பாகம் வேண்டும். நல்ல கிராங்க் ஷாஃப்டும் நல்ல டர்போவும் உள்ள லோகோவை நீங்கள் கேட்டால், அந்தப் பாகங்களுக்கு முதல் உரிமை மலை ரயிலுக்கு என்று ஷெட் சொல்லும். அது நியாயமான பதில் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

என் ஆலோசனை: காட்சிக்கு நிறுத்துங்கள், ஆனால் முழுமையான இன்ஜினாகப் பெறுங்கள். தேய்ந்துபோன பாகமாக இருந்தாலும் சரி, இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். நல்ல டர்போவைக் கொடுத்துவிட்டுப் பழுதான டர்போவைப் பொருத்தித் தரச் சொல்லுங்கள். ஷெட்டுக்கும் மகிழ்ச்சி, பார்க்க வருபவருக்கும் குறை தெரியாது.

---

ஓய்வு ஓட்டுநர்

சங்கு ஐயாவோடு இதில் மட்டும் நான் வேறுபடுகிறேன். பழுதான டர்போவைப் பொருத்திய நாளிலிருந்து அந்த எஞ்சின் என்றைக்கும் பேசாது. இன்று ஊரில் ஆள் இல்லை என்பதற்காக நாளை வரக்கூடிய ஒருவரின் வழியை ஏன் அடைக்க வேண்டும்? அந்த எஞ்சின் ஐட்லிங்கில் (சுமை இழுக்காமல் மெதுவாகச் சுழலும்போது) விட்டு விட்டுத் துடிக்கும் தாளத்தை ஒரு முறை கேட்ட பிள்ளை அதை மறக்காது. தொடக்க வேண்டாம் என்றாலும், தொடக்கக்கூடிய நிலையில் வைத்திருங்கள் என்பதே என் வேண்டுகோள். குறைந்தபட்சம், நல்ல நிலையில் ஓடும் ஏதேனும் ஒரு ஒய்.டி.எம்.-4-இன் ஒலியை எட்டு நாட்சிலும் தரமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். குன்னூரில் இன்றும் அது முடியும்.

---

கோட்டைப் புகையிரதம்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். மெனிற்றோபா என்ற பெயருடைய 591ஆம் இலக்க எம்2 எஞ்சினை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். கனடா கொழும்புத் திட்டத்தின் கீழ் அன்பளிப்பாக வழங்கிய வகையைச் சேர்ந்தது. 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் ஆழிப்பேரலை அள்ளிச் சென்ற புகையிரதத்தை இழுத்துச் சென்றது அந்த எஞ்சின்தான். அதைப் பழைய இரும்பாக ஒதுக்கிவிட்டிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் திருத்தி மீண்டும் சேவையில் விட்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஓர் எஞ்சினை எதற்காகக் காக்கிறோம் என்பது அதன் தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் துயரம் அந்த இலக்கத்தோடு சேர்ந்திருக்கிறது. உங்கள் பாதையிலும் ஏதாவது ஓர் இலக்கத்தோடு ஊரின் நினைவு சேர்ந்திருக்கலாம்: முதல் டீசல் வண்டியை இழுத்தது, கடைசி வண்டியை இழுத்தது. பழைய படங்களைத் தேடுங்கள். 2010-இன் கடைசி வண்டியை எவராவது படம் எடுத்திருப்பார்கள். எஞ்சினின் இலக்கம் அதில் தெரியும். வாரணாசியில் கட்டப்பட்ட எம்8 வகை 1996-இல் எங்களுக்கு வந்தது. ஆகவே உங்கள் ஆல்கோ மரபு எங்களுடையதும்தான்.

---

சுமைப்பாதை

கொண்டுவருவதைப் பற்றி யாரும் பேசவில்லை. கனரகச் சரக்குப் போக்குவரத்தில் இருக்கிறேன், ஆகவே இரண்டு வழிகளையும் சொல்கிறேன்.

சாலை வழி: 72 டன், ஏறத்தாழ 15 மீட்டர் நீளம். உடலைத் தூக்கிப் போகிகளை (சக்கரத் தொகுதிகளை) தனியே பிரித்து இரண்டு அல்லது மூன்று வண்டிகளில் ஏற்ற வேண்டும். உடல் பல அச்சுகள் கொண்ட ஹைட்ராலிக் டிரெய்லரில் வரும். எரிபொருளையும் எண்ணெயையும் நீரையும் முழுவதும் வடித்துவிட்டால் சில டன் குறையும். மதுரையிலிருந்து வந்தால் ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றம் இருக்கிறது. திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக வந்தால் ஏற்றம் குறைவு. எந்த வழியானாலும் சிறு பாலங்களின் தாங்குதிறனையும், ஊருக்குள் மின்கம்பிகளின் உயரத்தையும் முன்கூட்டியே ஒருவர் நடந்தே பார்த்து எழுதி வர வேண்டும். பெரும்பாலும் சிக்கல் நெடுஞ்சாலையில் வராது. உங்கள் அருங்காட்சியகத்திற்குத் திரும்பும் கடைசி இருநூறு மீட்டரில்தான் வரும்.

ரயில் வழி: இதை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. இப்போது உங்கள் ஊருக்கு அகலப்பாதை இருக்கிறது. மீட்டர் கேஜ் வண்டிகளை அகலப்பாதையின் தாழ்தள வேகனில் ஏற்றி அனுப்பிய வழக்கம் உண்டு. ஓ.டி.சி. சரக்காக, அதாவது அளவு மீறிய சரக்காக, ரயில்வே அனுமதித்து, தேவைப்படும் இடங்களில் மின்கம்பியின் மின்சாரத்தை நிறுத்திக் குறைந்த வேகத்தில் கொண்டுவரலாம். நிலையத்திலிருந்து உங்கள் இடம் வரை மட்டும் டிரெய்லர் போதும். கோரிக்கைக் கடிதத்திலேயே இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்ஜின் வருவதற்கு முன்பே தண்டவாளம் தயாராக இருக்க வேண்டும். கிரேன் மணிக்கணக்கில் வாடகைக்கு வருவது. ஒரு இடத்தில் கிரேன் வந்து நின்றபின் ஜல்லி கொட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றைய வாடகை மட்டும் அவர்கள் திரட்டிய நிதியில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது.

---

ஆவணக்காப்பாளர்

இன்ஜினோடு சேர்த்துப் பெற வேண்டியவற்றைச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன்.

முதலாவது, உரிமை. ரயில்வே தருவது நிரந்தர உரிமையா, காட்சிக்கான ஒப்படைப்பா என்பதை எழுத்தில் தெளிவாக வாங்குங்கள். ஒப்படைப்பு என்றால் பராமரிப்பு யார் பொறுப்பு, திருப்பிக் கேட்டால் போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

அடுத்தது ஆவணங்கள். ஒவ்வொரு லோகோவுக்கும் ஷெட்டில் ஒரு வரலாற்றுப் புத்தகம் இருக்கும். எந்த ஆண்டு எந்த எஞ்சின் மாற்றப்பட்டது, எந்த விபத்தில் சிக்கியது, வெற்றிட பிரேக்கிலிருந்து காற்று பிரேக்குக்கு எப்போது மாறியது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. இன்ஜின் கண்டம் ஆனதும் இந்தப் புத்தகங்களுக்குத் தேவை இல்லாமல் போய், பழைய தாள்களோடு எடைக்குப் போய்விடும். இரும்பைக் காத்துவிட்டுத் தாளை இழந்தவர்கள் பலர். அகலப்பாதை டபிள்யூ.டி.எம்.-2 இன்ஜின்களில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. 2600 குதிரைத்திறனில் பிறந்த அவற்றில் பலவற்றைப் பாட்டியாலா பணிமனையில் மறுகட்டுமானம் செய்து 3100 ஆக்கிவிட்டார்கள். வெளியே பழைய எண்ணைப் பார்த்து "அசல்" என்று நினைக்கும் இன்ஜினுக்குள் அசல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அந்தப் புத்தகம் மட்டுமே சொல்லும்.

கடைசியாக, கூரை. தயவுசெய்து இதை அலங்காரச் செலவாக நினைக்காதீர்கள். நீராவி இன்ஜினின் தடித்த தகடு மழையைச் சில காலம் பொறுக்கும். டீசலின் ஹுட் (எஞ்சினை மூடும் மேலுறை) மெல்லிய தகட்டால் ஆனது. நூறு கதவுகள், காற்றுத் தட்டிகள், மேலே ரேடியேட்டர் விசிறியின் திறப்பு. உள்ளே இறங்கும் ஒவ்வொரு சொட்டும் ஜெனரேட்டரின் மேல் விழும். வெளியே ஆண்டுதோறும் புது வண்ணம் பூசிக்கொண்டே, உள்ளே முற்றிலும் அரித்துப்போன இன்ஜின்களை நான் பார்த்திருக்கிறேன். நிதி ஒன்றுக்குத்தான் போதும் என்றால் வண்ணத்தை விடுங்கள், கூரையைப் போடுங்கள்.

---

கரிப்புகை

மேலே ஓட்டுநர் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஒரு பக்கத்தின் ஹுட் கதவுகளைத் திறந்து வைத்துத் தடித்த கண்ணாடி பொருத்தினால், உள்ளே இருக்கும் ஆறு சிலிண்டர்களையும் பிள்ளைகள் பார்க்கலாம். "பெட்டி" என்ற குறை அதோடு தீரும். அந்தக் கண்ணாடிக்கான செலவில் என் பங்கை நான் தருகிறேன்.

---

வைகைக்கரை

நேற்று இரவு குழு கூடியது. கரிப்புகை அவர்களின் கண்ணாடி யோசனையை எல்லோரும் ஒருமனதாக ஏற்றார்கள். காட்சி நிலைதான் என்று முடிவாயிற்று. ஆனால் ஓட்டுநர் ஐயாவின் சொல்லை மதித்து, உள்ளே எதையும் வெட்டுவதில்லை, வெல்டிங் செய்து அடைப்பதில்லை, எஞ்சினுக்குள் பாதுகாப்பு எண்ணெய் ஏற்றி மூன்று மாதத்திற்கு ஒரு முறை கையால் சுற்றிவிடுவது என்று தீர்மானம் எழுதினோம். டர்போ குறித்து ஷெட்டின் விருப்பத்திற்கே விட்டுவிடுகிறோம்.

கோட்டைப் புகையிரதம் அவர்கள் சொன்னபடி பழைய படங்களைத் தேடினோம். 2010 டிசம்பர் 31 அன்று எடுத்த மூன்று படங்கள் கிடைத்திருக்கின்றன. இரண்டில் மக்கள் கூட்டம் எண்ணை மறைக்கிறது. மூன்றாவதில் கடைசி இரண்டு இலக்கங்கள் தெரிகின்றன. அதை வைத்துக்கொண்டு கடிதத்தைத் தயாரிக்கிறோம். ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை: எந்த வண்ணம் பூசுவது என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அவரவர் நினைவில் அவரவர் வண்ணம் இருக்கிறது.

---

பொன்மலைச்சங்கு

நினைவை நம்பாதீர்கள் தம்பி, தகட்டைக் கேளுங்கள். ஒவ்வொரு ஓவர்ஹாலிலும் வெளியே சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுவோம். ஆனால் பேட்டரிப் பெட்டி மூடியின் உட்புறத்தையும், கேபின் கதவுக் கீலுக்குப் பின்னால் இருக்கும் விரல் அகல இடத்தையும் எவரும் முழுதாகச் சுரண்டியது கிடையாது. நானும் சுரண்டியதில்லை. இன்ஜினைப் பார்க்கப் போகும்போது நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளும் ஒரு டார்ச் விளக்கும் கொண்டுபோய், அந்த இடத்தில் நாணயம் அளவுக்கு மட்டும் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். அடுக்கடுக்காக வண்ணம் தெரியும். மேலிருந்து எண்ணிக்கொண்டு படம் எடுத்து இங்கே போடுங்கள். எந்த அடுக்கு எந்தக் காலத்தது என்று நான் சொல்கிறேன்.